டிசம்பரில் ஊருக்குப் போக ஆறு டிக்கெட்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"அண்ணா, இந்த டிசம்பர் லீவுக்கு முதல்முறையாகக் குடும்பத்தோடு தமிழ்நாடு போக ஆசை. நான், கணவர், மாமியார் (67 வயது, முழங்கால் வலி), மூன்று பிள்ளைகள். பெரியவனுக்கு டிசம்பர் 20ஆம் தேதி 12 வயது முடிகிறது. நடுவுலவளுக்கு எட்டு. சின்னவனுக்கு ஜனவரி 4ஆம் தேதி இரண்டு வயது. டிசம்பர் 12 போய் ஜனவரி 10 திரும்ப வேண்டும். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, 20ஆம் தேதிதான் லீவு. ஆறு பேருக்கும் சேர்த்துத் தேடினால் பெரியவருக்கு ஆளுக்கு 21,400 ரேண்ட் காட்டுகிறது. ஒரே ஆளுக்குத் தேடினால் 16,900. இது என்ன கணக்கு? ராத்திரியில் தேடினால் மலிவாமே? நவம்பர் பிளாக் ஃபிரைடே வரை பொறுக்கலாமா? துபாய் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து திருச்சிக்குத் தனி டிக்கெட் எடுத்தால் நிறைய மிச்சம் என்று அக்காள் வீட்டுக்காரர் சொல்கிறார். மாமியாருக்குச் சமயபுரம் போக வேண்டும், தன் கொள்ளுப்பாட்டன் ஊரையும் பார்க்க வேண்டும். அவர் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர் என்று மட்டும் தெரியும்."

தங்கச்சி, ஜூன் மாதமே எழுதினீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். எனக்கு வரும் கடிதங்களில் பாதி நவம்பரில் வரும். போனஸ் கைக்கு வந்த மறுநாள் எழுதியிருப்பார்கள். அதற்குள் மலிவான சீட்டெல்லாம் போயிருக்கும்.

முதலில் அந்த 16,900, 21,400 கணக்கைப் பார்ப்போம். அது தப்பும் இல்லை, ஏமாற்றும் இல்லை. ஒரே விமானத்தில் ஒரே மாதிரி சீட்டுகளை நிறுவனம் பல விலைகளில் அடுக்கி வைத்திருக்கும். கீழ்த்தட்டில் இரண்டு, அதற்கு மேல் நாலு, அதற்கும் மேல் பத்து என்று. நீங்கள் ஒரு சீட் கேட்டால் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஆறு பேருக்கு ஒன்றாகக் கேட்டால், ஆறும் ஒரே தட்டில் கிடைக்க வேண்டும் என்று பார்க்கும். கீழ்த்தட்டில் ஆறு இல்லையென்றால் எல்லோரையும் மேல்தட்டு விலைக்கு ஏற்றிவிடும். கீழே கிடக்கும் இரண்டு மலிவு சீட்டும் உங்கள் கண்ணுக்கே தெரியாது.

அதனால் ஒரு ஆளுக்குத் தேடுங்கள், இரண்டு பேருக்கு, மூன்று பேருக்கு என்று ஏற்றிக்கொண்டே போங்கள். விலை எந்த எண்ணிக்கையில் தாவுகிறது என்று காகிதத்தில் குறியுங்கள். இரண்டு வரை 16,900, மூன்றிலிருந்து 21,400 என்று வந்தால், மாமியாரையும் பெரியவனையும் ஒரு புக்கிங்கில் போடுங்கள். நீங்களும் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரும் இன்னொரு புக்கிங். மாமியாருக்கு 4,500 மிச்சம், பெரியவனின் டிக்கெட்டிலும் மூவாயிரத்துக்கு மேல் குறையும். கணவர் எப்படியும் வேறு நாள் கிளம்புகிறார், அவருடையது தனி டிக்கெட். ஒற்றை ஆளாகத் தேடுவதால் கீழ்த்தட்டு அவருக்குத் தானாகவே அமையும்.

பிரித்து வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் உண்டு. மாமியாரை மட்டும் தனியாக ஒரு புக்கிங்கில் விடாதீர்கள். விமானம் ரத்தானால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு புக்கிங்கையும் தனித்தனி குடும்பமாகத்தான் பார்க்கும். உங்களை இன்று மாலை விமானத்திலும் அவரை நாளை காலை விமானத்திலும் போட்டுவிடும். பேரன் கூட இருந்தால் அவர் தனியாக மாட்ட மாட்டார். ஒரே உட்காரலில் இரண்டு புக்கிங்கையும் முடித்துவிட்டு, நிறுவனத்துக்கு போன் செய்து இவர்கள் ஒரே குடும்பம், இரண்டையும் இணைத்துக் குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். மாமியாருக்குச் சக்கர நாற்காலியையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அதற்குக் காசு கிடையாது.

ராத்திரியில் தேடினால் மலிவு, செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு, பிரௌசரில் மறைந்து தேடினால் மலிவு, இதெல்லாம் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்ட கதை. நீங்கள் காலையில் பார்த்தபோது கீழ்த்தட்டில் மூன்று சீட் இருந்தது, மாலையில் யாரோ வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். பிளாக் ஃபிரைடேயும் அப்படித்தான். அந்தத் தள்ளுபடியின் அடியில் பொடி எழுத்தில் பயண நாட்கள் இருக்கும், படித்துப் பாருங்கள். பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் கொடுப்பார்கள், டிசம்பர் 12க்கு ஏன் கொடுக்கிறார்கள்? நம் பள்ளிக்கூடங்கள் எல்லாம் டிசம்பர் இரண்டாம் வாரத்தில்தான் மூடுகின்றன. அதே மாதம் வளைகுடாவிலும் லண்டனிலும் இருக்கும் தமிழர்களும் மலையாளிகளும் ஊருக்குக் கிளம்புவார்கள். இணையத்தில் கிடைக்கும் கோடை விடுமுறை யோசனைகள் பெரும்பாலும் ஜூலையைக் கோடை என்று நினைப்பவர்கள் எழுதியவை, நமக்கு உதவாது. ஜூலை மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

இப்போது பிள்ளைகளின் வயது. உங்கள் வீட்டில் இரண்டு பிறந்தநாளும் பயணத்துக்கு நடுவிலேயே விழுகின்றன! பொதுவாக 2 முதல் 11 வயது வரை சிறுவர் கட்டணம். அடிப்படைக் கட்டணத்தில் சுமார் கால் பங்கு குறையும், வரிகள் அவ்வளவாகக் குறையாது. 12 ஆனால் பெரியவர் கட்டணம். பெரும்பாலும் பயணம் தொடங்கும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. டிசம்பர் 12 கிளம்பினால் பெரியவன் 11 வயதுப் பையன்தான். ஆனால் சில இணையதளங்கள் திரும்பும் நாளை வைத்துக் கணக்குப் போட்டு பெரியவர் விலையைக் காட்டும். அப்படிக் காட்டினால் நிறுவனத்திடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவோடு சேர்ந்தே போகலாம் என்று எல்லோரும் 20ஆம் தேதிக்கு மாறினால் இந்தச் சலுகை போய்விடும்.

சின்னவன் விஷயம் வேறு. இரண்டு வயதுக்குக் கீழே மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டணமும் பெரியவரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் பயணத்துக்கு நடுவில் இரண்டு வயது நிறைந்தால், திரும்பும்போது தனிச் சீட் கட்டாயம். இதைச் சொல்லாமல் குழந்தை டிக்கெட்டே இரண்டு பக்கமும் வாங்கிவிட்டு, ஜனவரி 10 அன்று சென்னை கவுண்டரில் நிற்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே அன்றைய விலைக்கு ஒருவழிச் சீட் வாங்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து ஜனவரி 3ஆம் தேதியே திரும்பிவிடலாமா என்று யோசிக்காதீர்கள். அந்த வாரத்தில்தான் ஊருக்கு வந்தவர்கள் எல்லோரும் வளைகுடாவுக்குத் திரும்புவார்கள். போகும்போது மடி, வரும்போது சீட் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் போகும்போதும் சீட் எடுத்துவிடுவேன். டர்பனிலிருந்து துபாய் மட்டுமே எட்டு மணி நேரத்துக்கு மேல். இரண்டு வயதை எட்டும் பிள்ளை தொட்டிலில் அடங்கமாட்டான், மடியிலும் அடங்கமாட்டான்.

அக்காள் வீட்டுக்காரர் சொன்ன துபாய் யோசனைக்கு வருகிறேன். அவர் தனியாக ஒரு கைப்பையோடு போகிறவராக இருந்தால் சரி என்றிருப்பேன். உங்களுக்கு வேண்டாம். இரண்டு தனி டிக்கெட் என்றால் துபாயில் பெட்டிகளை வெளியே எடுத்து, வேறு டெர்மினலுக்குக் கொண்டுபோய் மறுபடி போட வேண்டும். வெளியே வர விசா வேண்டும். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் இறங்கியவுடன் விசா கிடையாது, முன்கூட்டியே எடுக்க வேண்டும். ஆறு பேருக்கு ஆறு விசா. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் திரும்பி வராது. மிச்சம் பிடித்ததாக நினைத்ததெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

நான் இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். இந்த டிக்கெட் ஏஜெண்ட் தொழிலுக்கு வந்த புதிதில், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன், என் அம்மாவுக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு மலிவாகத் தனி டிக்கெட் போட்டேன். இந்தியாவிலிருந்து வந்த விமானம் தாமதம். டர்பனுக்கான கடைசி விமானம் போய்விட்டது. அம்மா ஒரு மூட்டைப் புளியையும் பித்தளைக் குத்துவிளக்கையும் காலடியில் வைத்துக்கொண்டு விமான நிலைய நாற்காலியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் பிடித்தது 600 ரேண்ட். இன்று வரை வீட்டு விசேஷங்களில் அந்தக் கதை வரும்.

டர்பனிலிருந்து கிளம்புவதா, ஜோகன்னஸ்பர்க் போய்க் கிளம்புவதா? இரண்டையும் தேடிப் பாருங்கள். 2015இல் சௌத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் மும்பைச் சேவையை நிறுத்திய பிறகு நமக்கு நேரடி விமானம் இல்லை, எங்கே போனாலும் ஒரு இடத்தில் மாறித்தான் ஆக வேண்டும். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து எமிரேட்ஸ் நேராகத் துபாய் போகிறது, அங்கிருந்து சென்னை. தோஹா வழியாகக் கத்தார் ஏர்வேஸ் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் இன்னும் நிறைய நிறுவனங்கள் இருப்பதால் சில நாட்களில் விலை குறைவாக இருக்கும்.

உங்கள் பயணத்தில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்காரர்கள் எல்லோரும் கடலுக்காக டர்பனுக்கு வருவார்கள், நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள். ஜனவரியில் அவர்கள் திரும்பும்போது நீங்கள் டர்பனுக்கு வருகிறீர்கள். அதனால் உள்நாட்டு விமானத்தில் உங்கள் பக்கம் இடம் கிடைக்கும், விலையும் அடங்கியிருக்கும். ஆனால் ஒரே டிக்கெட்டில், பெட்டி சென்னை வரை போகும்படி டர்பனிலிருந்தே கிடைத்தால், ஆளுக்கு ஆயிரம் ரேண்ட் கூட இருந்தாலும் அதையே எடுங்கள். காரில் என்3 நெடுஞ்சாலை வழியாக ஆறு மணி நேரம் ஓட்டிப் போய், நாலு வாரம் பார்க்கிங் கட்டி, டோலும் பெட்ரோலும் போட்டு, திரும்பும்போது தூக்கக் கலக்கத்தில் வான் ரீனன் கணவாயில் இறங்கிவருவது சிக்கனமே இல்லை.

அடிஸ் அபாபா வழியாகவோ நைரோபி வழியாகவோ கிடைக்கும் டிக்கெட் பல சமயம் மலிவாக இருக்கும். நல்ல நிறுவனங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கிருந்து வருகிறவர்களிடம் இந்தியா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். விமான நிலையத்தை விட்டு வெளியே போகாதவர்களுக்கு விதியில் விலக்கு உண்டு, ஆனால் முடிவு அங்கே மேசையில் உட்கார்ந்திருக்கும் சுகாதார அதிகாரி கையில். திரும்பி வரும்போது அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் நம் நாடும் அதே சான்றிதழைக் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஊசியை டாக்டர் யோசித்துத்தான் போடுவார். மாமியாருக்கு 67. ஆறு பேரின் ஊசிச் செலவையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு அவ்வளவு மலிவாகத் தெரியாது.

பெட்டிக் கணக்கு இன்னொன்று. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பும் டிக்கெட்டுகள் சிலவற்றில் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி கொடுப்பார்கள். இந்திய உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான். மும்பை வரை ஒரு டிக்கெட், மும்பையிலிருந்து திருச்சிக்குத் தனி டிக்கெட் என்று வாங்கினால் அந்த 46 கிலோ 15 ஆகிவிடும். மிச்சத்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். நம்மவர்கள் ஊரிலிருந்து திரும்பும்போது எதைக் கொண்டுவருவார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டுப் புடவையும் காவடிச் சாமானும் 15 கிலோவில் அடங்காது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெரும்பாலும் பன்னாட்டு அளவே கடைசி வரை செல்லும்.

கொச்சி வழியாகப் போனால் மலிவு என்று யாராவது சொன்னால், மற்ற மாதங்களில் சரி. டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு ஊர் போகும் கூட்டம் ஒரு பக்கம், சபரிமலைக் கூட்டம் ஒரு பக்கம். டெல்லி வழியும் வேண்டாம், அந்த மாதத்துப் பனிமூட்டத்தில் விமானங்கள் தாமதமாவது வழக்கம். சென்னைக்கும் ஒரு எச்சரிக்கை. 2015 டிசம்பரில் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிச்சாங் புயலிலும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அதனால் சென்னையில் இறங்கிய அன்றே இரண்டு மணி நேரத்தில் வேறு விமானம் பிடிக்கும்படி எதையும் கட்டிவைக்காதீர்கள்.

காகிதங்கள் பற்றிச் சுருக்கமாக. நீங்கள் கணவர் இல்லாமல் பிள்ளைகளோடு கிளம்புவதால், அவருடைய சம்மதக் கடிதத்தைச் சத்தியப் பிரமாணமாக எழுதி, அவருடைய அடையாள அட்டை நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் முழு விவரப் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான், பெரியவர்களுடையது போலப் பத்து வருடம் அல்ல. இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள், ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். இந்திய இ-விசா ஆளுக்கு ஒன்று, கைக்குழந்தைக்கும் தனி. தென்னாப்பிரிக்கர்களிடம் இந்தியா அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. யாராவது ஆளுக்கு இவ்வளவு டாலர் என்று கேட்டால் நீங்கள் அரசுத் தளத்தில் இல்லை, அதைப் போலவே வேஷம் போட்ட வேறு தளத்தில் இருக்கிறீர்கள்.

வாங்குவது எங்கே? கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், ட்ராவல்ஸ்டார்ட் எதில் வேண்டுமானாலும் தேடுங்கள். வாங்குவதை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ, பயண ஏஜெண்டுகளின் சங்கமான அசாட்டாவில் உறுப்பினராக உள்ள ஏஜெண்டிடமோ வைத்துக்கொள்ளுங்கள். நானே ஏஜெண்ட் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்கலாம். முந்நூறு ரேண்ட் குறைவாகக் காட்டும் பேர் தெரியாத தளத்தில் வாங்கிவிட்டு, விமான நேரம் மாறியதும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என்னிடம் வருகிறவர்கள் நிறைய. கிரெடிட் கார்டில் பட்ஜெட் வசதியில் 24 மாதம் கட்டலாம் என்று வங்கி ஆசை காட்டும். அந்த வட்டியில் இன்னொரு டிக்கெட் போய்விடும். உறவுக்காரர்கள் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டுச் சீட்டுப் பிடிக்கிறீர்கள் என்றால், இந்தத் தடவை உங்கள் முறையை முன்கூட்டி எடுத்துக்கொள்ளக் கேளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் ஏன் திருச்சிக்குத் தேடுகிறீர்கள்? சமயபுரத்துக்காக என்று புரிகிறது. ஆனால் மாமியாரின் கொள்ளுப்பாட்டன் ஊர் வட ஆர்க்காடு என்கிறீர்கள். அது இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம், சென்னையிலிருந்து சில மணி நேரக் கார் தூரம். திருச்சியோ சென்னைக்குத் தெற்கே 330 கிலோமீட்டர் போல. அப்படியென்றால் உங்களுக்குத் திருச்சி விமானமே தேவையில்லை. சென்னையில் இறங்கி, ஒரு நாள் ஓய்வெடுத்து, ஒரு வேன் பேசிக்கொண்டால் ஊரையும் பார்க்கலாம், அப்படியே திருவண்ணாமலை வழியாகச் சமயபுரத்துக்கும் இறங்கலாம். ஆறு பேருக்கு வேன் வாடகை ஆறு விமான டிக்கெட்டை விடக் குறைவு. மாமியார் முழங்காலை நீட்டி உட்காரலாம். ரயில் வேண்டுமென்றால் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்தான் திறக்கும், அதைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊர் என்பதை மட்டும் முதலில் கண்டுபிடியுங்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறங்கியவர்களை எண் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், தாலுகா, கிராமம் என்று. வெஸ்ட்வில்லில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் அந்தக் கப்பல் பட்டியல்களைப் பார்க்கலாம். மாமியார் வீட்டில் பழைய பெட்டியில் எண் போட்ட காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். எண் கிடைத்தால் கிராமத்தின் பெயர் கிடைக்கும். வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் பெயரைச் சத்தமாக நாலு விதமாகப் படித்துப் பாருங்கள். கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், எங்கே இறங்குவது என்று அப்போது முடிவு செய்யலாம். ஜூலைக்குள் எழுதுங்கள்.